தொழிலகக் கணினியைப் பாதுகாப்பாக நிறுவுதல்

தொழிலகக் கணினி என்பது ஆலை, நீரேற்று நிலையம், மின் துணைநிலையம் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் இயங்குவதற்காக உருவாக்கப்படும் கணினி ஆகும். இதன் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மேசைக் கணினியில் உள்ள அதே வகைச் செயலியும் நினைவகமும்தான். உறை, மின்வழங்கல், வெப்பம் வெளியேறும் வழி, இணைப்பிகள் ஆகியவற்றில்தான் வேறுபாடு. ஐ.பி.எம். நிறுவனம் 1984-இல் தன் எக்ஸ்.டி. கணினியைத் தொழிற்சாலைக்கு ஏற்ப மாற்றி 5531 என்ற எண்ணில் வெளியிட்டது. இன்று கிடைப்பவை பலவும் விசிறியே இல்லாதவை. அலுமினிய உறையின் மேலுள்ள துடுப்புகள் வழியே வெப்பம் வெளியேறும். மின்வழங்கல் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். இணைப்பிகள் அதிர்வில் கழன்றுவிடாதபடி திருகால் இறுக்கப்படும்.

இக்கட்டுரை, மோட்டார்களும் அவற்றின் வேகத்தை மாற்றும் டிரைவ்களும் உள்ள ஓர் ஆலைப் பேனலில் இத்தகைய கணினியை நிறுவும் முறையை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகக் கோவைப் பகுதி நூற்பாலைகளை மனத்தில் கொள்ளலாம். பஞ்சுத்தூசி, வெப்பம், ஈரப்பதம், அதிர்வு என்னும் நான்கும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.

இடத்தைத் தேர்தல்

கணினியின் விவரத்தாளில் ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசி போன்ற திடப்பொருள்களையும், இரண்டாவது நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும். ஐ.பி. 65 என்றால் தூசி சிறிதும் புகாது, எத்திசையிலிருந்து நீரைப் பீய்ச்சினாலும் தீங்கில்லை என்று பொருள். ஆனால் பேனல் கதவில் பொருத்தும் தொடுதிரைக் கணினிகளில் இந்த எண் பெரும்பாலும் முன்முகத்துக்கு மட்டுமே உரியது. பின்பக்கம் பொதுவாக ஐ.பி. 20, அதாவது விரல் புகாது. தூசியும் நீரும் தாராளமாகப் புகும். முன்முகத்தின் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்திருந்தாலும் அந்த 65 வெறும் அச்செழுத்துதான். திருகுகளை ஒரு பக்கமாக முழுதும் முறுக்காமல், சக்கரம் மாட்டுவதுபோல எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

வெப்பநிலையிலும் இதே போன்ற குழப்பம் உண்டு. விவரத்தாளில் 50 அல்லது 60 பாகை செல்சியசு என்று இருப்பது கணினியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றின் வெப்பநிலை; கூடத்தின் வெப்பநிலை அல்ல. கூடத்தில் 35 பாகை இருக்கும்போது, டிரைவ்கள் அடைந்து கிடக்கும் மூடிய பேனலுக்குள் அதைவிடப் பல பாகை கூடுதலாக இருக்கும். மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழங்கும் தோராய விதி. ஆகவே டிரைவுக்கு நேர் மேலே கணினியை வைப்பது தவறு. சூடான காற்று மேலேறி நேராக அதன்மேல் படும். துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படியும், மேலும் கீழும் கையேடு கூறும் இடைவெளி இருக்கும்படியும் பொருத்த வேண்டும்.

நூற்பாலையில் விசிறியுள்ள கணினி நல்ல தேர்வு அல்ல. விசிறி பஞ்சுத்தூசியை உள்ளே இழுத்து மெத்தைபோல் படியவைத்துவிடும். விசிறியில்லாத கணினியின் துடுப்புகளிலும் தூசி படியும், ஆனால் அதை வெளியிலிருந்தே துடைத்தெடுக்கலாம். பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதால் இது தூய்மை பற்றிய செய்தி மட்டும் அன்று.

மின்சாரத்தை நிறுத்துதல்

கணினிக்கு வருவது 24 வோல்ட்தானே என்று பேனலை உயிரோடு வைத்துக்கொண்டு வேலை செய்வோர் உண்டு. அதே பேனலில் ஒரு சாண் தள்ளி 415 வோல்ட் இருக்கிறது. எனவே முதன்மை ஐசொலேட்டரை அணைத்து, அதில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொண்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். இதற்கு மாற்று எதுவும் இல்லை. "அணைத்துவிட்டேன், யாரும் தொடவேண்டாம்" என்று கூவிச் சொல்வது பூட்டு ஆகாது. ஷிப்டு மாறினால் கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அணைத்தபின் சோதிக்க வேண்டும். சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டர் இதற்குப் போதாது. அது எரிந்தால் மின்சாரம் உண்டு. எரியாவிட்டால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யவேண்டிய இடத்தில் சோதித்து, மீண்டும் பழைய இடத்தில் பார்க்க வேண்டும். மூன்றாவது சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் அது காட்டும் சுழியத்தை நம்பிக் கையை வைப்போம்.

இன்னும் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, டிரைவின் உள்ளே உள்ள மின்தேக்கிகள். 415 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும்போது அதன் உச்சம், அதாவது 415 × 1.414 = ஏறத்தாழ 587 வோல்ட், அவற்றில் தேங்கியிருக்கும். அணைத்த உடனே அது வடிந்துவிடாது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது டிரைவின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். மற்றொன்று, யு.பி.எஸ். கணினிக்கான மின்சாரம் வேறோர் அறையிலுள்ள யு.பி.எஸ்ஸிலிருந்து வந்தால், பேனலின் ஐசொலேட்டரை அணைத்தாலும் அந்தக் கம்பி உயிரோடுதான் இருக்கும். இயந்திரங்களின் மின்பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 60204-1 என்னும் பன்னாட்டுத் தரம் இத்தகைய கம்பிகளுக்கு ஆரஞ்சு நிறத்தைப் பரிந்துரைக்கிறது. நம் பேனல்களில் எல்லோரும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதிப்பதே முறை.

எர்த் இணைப்பு

முதலில் இணைக்க வேண்டியதும் கடைசியில் கழற்ற வேண்டியதும் எர்த் கம்பிதான். கணினியின் உலோக உறையில் இதற்கெனத் தனித் திருகு இருக்கும். அதிலிருந்து பச்சை–மஞ்சள் கம்பி குட்டையாகப் பேனலின் எர்த் பட்டைக்குச் செல்ல வேண்டும். பேனல் தகட்டில் வண்ணப்பூச்சின் மேலேயே லக்கை வைத்து முறுக்கினால் பார்வைக்கு இணைப்பு இருக்கும், மின்சாரத்துக்கு இருக்காது. பூச்சைச் சுரண்டி, பல்வளையம் வைத்து முறுக்க வேண்டும். நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது கொலைக்குச் சமம். நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால் கணினியின் உறை முழுவதும் மின்சாரம் ஏறிவிடும்.

தொலைவிலுள்ள இரு பேனல்களின் எர்த் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று கொள்ளக்கூடாது. மின்னல் விழும்போதோ பெரிய பழுது மின்னோட்டம் பாயும்போதோ இவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு தோன்றி, இரண்டையும் இணைக்கும் தகவல் கம்பி வழியே பாய்ந்து கணினியின் போர்ட்டைக் கருக்கிவிடும். வேறு கட்டடத்துக்குச் செல்லும் இணைப்புக்கு ஒளியிழைக் கம்பியே நல்லது.

24 வோல்ட் இணைப்பும் ஒரு கணக்கும்

கணினிக்குத் தனி மின்வழங்கி கொடுப்பது நன்று. சோலனாய்டு வால்வுகளும் காண்டாக்டர் சுருள்களும் அதே 24 வோல்ட்டில் தொங்கினால், அவை அணையும் ஒவ்வொரு முறையும் எதிர் மின்னழுத்தத் துடிப்பு எழும். தவிர்க்க முடியாவிட்டால் ஒவ்வொரு சுருளின் குறுக்கிலும் டையோடு இருக்க வேண்டும்.

கம்பியின் தடிமனைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு கணக்கு. 60 வாட் கணினி ஒன்று 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுக்கும். மின்வழங்கி 50 மீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பி 1 சதுர மி.மீ. செம்பு. அதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். போக 50, வர 50 என 100 மீட்டருக்கு 1.8 ஓம். இழப்பு 2.5 × 1.8 = 4.5 வோல்ட், கணினிக்குக் கிடைப்பது 19.5 வோல்ட் என்று விடை எழுதத் தோன்றும். அது தவறு. கணினி ஒரு மின்தடைபோல நடந்துகொள்ளாது. மின்னழுத்தம் குறைந்தால் தன் 60 வாட்டை நிறைவுசெய்ய மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். அதனால் இழப்பு மேலும் கூடும். சரியாகக் கணக்கிட்டால் மின்னோட்டம் 3.33 ஆம்பியர், இழப்பு 6 வோல்ட், கணினிக்குக் கிடைப்பது 18 வோல்ட். 19 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும் கணினியானால், மேசையில் வைத்துச் சோதித்தபோது நன்றாக ஓடியது பேனலில் அடிக்கடி நின்று நின்று தொடங்கும். பழி இயங்குதளத்தின் மேல் விழும். மின்வழங்கியைக் கணினிக்கு அருகிலேயே வைத்து, 230 வோல்ட்டை நெடுந்தொலைவு கொண்டுசெல்வதே சரியான தீர்வு.

கணினியில் கம்பியைச் செருகுமுன் முனைகளை மல்டிமீட்டரால் அளந்து நேர், எதிர் முனைகளை உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் திடீரென நின்றால் கோப்புகள் சிதையக்கூடும் என்பதால், 24 வோல்ட் யு.பி.எஸ். ஒன்றை இடையில் வைத்து, மின்சாரம் போனதும் கணினி தானே ஒழுங்காக மூடிக்கொள்ளுமாறு அமைக்கலாம்.

தகவல் கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாக: மோட்டார் கம்பியும் தகவல் கம்பியும் ஒரே தட்டில் ஓடக்கூடாது, கடக்கவேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க வேண்டும். செம்பு ஈத்தர்நெட்டுக்கு எல்லை 100 மீட்டர். ஆர்.எஸ். 485 ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை செல்லும். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். நினைவகம் போன்றவற்றை மாற்ற உறையைத் திறந்தால் நிலைமின் பட்டையைக் கையில் அணிய வேண்டும். மனிதர் உணரும் நிலைமின் அதிர்ச்சி ஏறத்தாழ 3,000 வோல்ட். நாம் உணரவே முடியாத நூறு வோல்ட்டும் சில சில்லுகளைக் கெடுத்துவிடும்.

முதல் இயக்கம்

கணினியை முதன்முறை இயக்கும்போது இயந்திரத்தின் மோட்டார்கள் துண்டிக்கப்பட்டும், அழுத்தக்காற்று வெளியேற்றப்பட்டும் இருக்க வேண்டும். பழைய நிரலோ தவறான முகவரியோ எந்த வால்வைத் திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒவ்வொரு உள்ளீட்டையும் வெளியீட்டையும் தனித்தனியாகச் சரிபார்த்தபின்னரே மோட்டார்களை இணைக்கலாம்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் கணினி வழியாக மட்டும் செயல்படுமாறு ஒருபோதும் அமைக்கக்கூடாது. பொது இயங்குதளங்கள் குறித்த மில்லிநொடியில் பதிலளிக்கும் என்ற உறுதியைத் தருவதில்லை. சில வேளை உறைந்தே போகும். பொத்தான், பாதுகாப்பு ரிலே, காண்டாக்டர் என்ற வழி கணினியின் தயவின்றி மோட்டாரின் மின்சாரத்தை அறுக்க வேண்டும். பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டும் கணினிக்குப் போனால் போதும்.

பயாசில் மின்சாரம் திரும்பியதும் கணினி தானே தொடங்கும் அமைப்பு உண்டு. அதை இயக்கி வைக்கலாம். ஆனால் கணினி தொடங்குவது வேறு, இயந்திரம் தொடங்குவது வேறு. மின்வெட்டு என்று எண்ணி உருளையில் சிக்கிய பஞ்சை ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். மின்சாரம் வந்ததும் இயந்திரம் ஒரு மனிதர் பொத்தானை அழுத்தும்வரை அசையாமல் இருக்க வேண்டும். நிரல் உறைந்தால் கணினியை மீளத் தொடக்கும் வாட்ச்டாக் வசதிக்கும் இதுவே விதி.

வலையமைப்பில் இணைத்தல்

2018 ஆகத்து 3 அன்று, உலகின் மிகப் பெரிய ஒப்பந்தச் சில்லு உற்பத்தியாளரான தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தின் ஆலைகளில் கணினிகள் அடுத்தடுத்து முடங்கின. வெளியார் எவரும் ஊடுருவவில்லை. புதிய கருவி ஒன்றில் மென்பொருளை நிறுவியபோது நடந்த தவற்றால், அதிலிருந்த நச்சுநிரல் கருவியை வலையமைப்பில் இணைத்ததும் பரவியது. அது 2017-இல் உலகெங்கும் பரவிய வான்னாகிரையின் ஒரு வகை. அந்தக் காலாண்டு வருவாயில் ஏறத்தாழ 3 விழுக்காடு இழப்பு ஏற்படும் என்று நிறுவனம் முதலில் மதிப்பிட்டது. நிறுவும் நாளில் தவறிய ஒரு சோதனையின் விலை அது.

எனவே புதிய கணினியை, பெட்டியிலிருந்து வந்த புதியதாகவே இருந்தாலும், தனியே வைத்து நச்சுநிரல் சோதனை செய்தபின்னரே வலையமைப்பில் இணைக்க வேண்டும். "எங்கள் ஆலையில் இணையமே இல்லை" என்பது போதிய விடை அல்ல. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நடான்சு அணு நிலையத்தைத் தாக்கியது. இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்ட கணினிகளுக்கும் அது யு.எஸ்.பி. குச்சி வழியே பரவக்கூடியது. பயன்படாத யு.எஸ்.பி. துளைகளை மூடுதல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றுதல், இயக்குபவருக்கு நிருவாகி உரிமையற்ற கணக்கு தருதல் ஆகியவை செலவில்லாத வேலைகள்.

ஆலை வலையமைப்பை அலுவலக வலையமைப்பிலிருந்து தீயரண் கொண்டு பிரிக்க வேண்டும். காரணம், ஆலைகளில் பரவலாக உள்ள மோட்பஸ் டி.சி.பி. நெறிமுறையில் கடவுச்சொல் என்பதே இல்லை. 502-ஆம் துறைக்கு எட்ட முடிந்த எந்தக் கணினியும் மோட்டாரின் வேகத்தை மாற்றலாம். கணக்குப் பிரிவில் ஒருவர் திறக்கும் மின்னஞ்சல் இணைப்பு அங்கே எட்டக்கூடாது. இயங்குதள இற்றைப்படுத்தல்கள் தேவையே. ஆனால் நள்ளிரவு ஷிப்டில் கணினி தானாக மீளத் தொடங்குமாறு விடாமல், பராமரிப்பு நாளில் கையால் செய்ய வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின், பேனல் கதவை மூடி, முழுச் சுமையில் ஒரு நாள் இயக்கி, உள் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கோடைக்கு முன் நிறுவினால் ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி அளப்பது நல்லது. பிறகு சேமிப்பகம் முழுவதையும் படிமமாக எடுத்து, அதை வேறொரு சேமிப்பகத்தில் மீட்டு, அக்கணினி அதிலிருந்து தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பயாஸ் அமைப்புகள், வலை முகவரிகள், படிமம் எடுத்த நாள் ஆகியவற்றை எழுதிய தாளைப் பேனல் கதவின் உட்புறப் பையில் வைக்கலாம். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதக்கூடாது.