கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால்: இத்தாலிய டெலியும் எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையும்

பதுளையிலிருந்து ரயிலில் ஹாலிஎல, உடுவரை, தெமோதரை நிலையங்களைத் தாண்டினால் எல்ல வந்துவிடும். வெளிநாட்டுப் பயணிகள் பெருகிய பின்னர் அந்தச் சிறு நகரில் பீட்சாவும் பாஸ்தாவும் விற்கும் உணவகங்கள் பல தோன்றிவிட்டன. எங்கள் வகுப்பிலும் ‘இத்தாலியன் டெலி’ என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. டெலி என்றால் என்ன? அங்கே என்ன விற்பார்கள்? நாம் எதைச் சாப்பிடலாம்? தோழியர் கேட்ட இக்கேள்விகளுக்கு விடை தேடப் போன நான், எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையைப் பற்றியே அதிகம் யோசிக்க நேர்ந்தது. அந்த யோசனைகளையே இங்கு எழுதுகிறேன்.

டெலி என்பது என்ன?

‘டெலி’ இத்தாலியச் சொல் அன்று. ‘டெலிகாடெசன்’ என்ற ஜெர்மானியச் சொல்லின் சுருக்கம் அது. தேர்ந்த, சுவையான உணவுப் பண்டங்கள் என்பது அதன் பொருள். இத்தாலியர் தம் நாட்டில் இவ்வகைக் கடையைச் ‘சலுமேரியா’ என்பார்கள். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி விற்கும் கடை என்று அதற்கு அர்த்தம்.

கடைக்குள் நுழைந்ததும் நீளமான கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கும். அதனுள் பலவகைச் சீஸ், உப்புநீரில் ஊறிய ஒலிவ் காய், எண்ணெயில் பதப்படுத்திய மரக்கறி, சமைத்த உணவு எல்லாம் அடுக்கப்பட்டிருக்கும். இத்தாலியில் இவற்றை ‘எத்தோ’ என்ற கணக்கில் கேட்டு வாங்குவார்கள். ஓர் எத்தோ 100 கிராம். பல கடைகளில் ஓரமாக நான்கைந்து மேசைகளும் உண்டு. மதியத்தில் அயலில் வேலை செய்பவர்கள் வந்து, பாணுக்குள் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆக, டெலி பாதி பலசரக்குக் கடை, பாதி சாப்பாட்டுக் கடை.

இத்தாலிய டெலி உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவில்தான். 1880 முதல் 1920களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென் இத்தாலியின் ஏழை விவசாயிகள். நியூயோர்க் போன்ற நகரங்களில் வீதி அமைக்கவும் கட்டடம் எழுப்பவும் உடலுழைப்பைக் கொடுத்தவர்கள். ஊரில் தின்ற சீஸையும் ஒலிவ் எண்ணெயையும் அவர்கள் தேடியபோது, அவர்களுள் சிலரே சிறு கடைகளைத் திறந்தார்கள். இன்று நாகரிகமாகத் தோன்றும் இந்த உணவு, கூலிக்குப் போனவர்களின் பசிக்காகவும் ஊர் நினைவுக்காகவும் கடல் கடந்தது.

எங்கள் வீதியின் கடை

இந்த வரலாறு ஊவா மலைகளில் வாழும் நமக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்திலிருந்து தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பில்தான் இத்தோட்டங்கள் எழுந்தன. ரயில் பாதை பதுளை வரை வந்தது 1924 இல். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை போன்ற இடங்களில் தோட்டத்து மக்களையும் நகரத்து மக்களையும் நம்பியே கடைகள் வளர்ந்தன. ஒரே வீதியில் முஸ்லிம் ஹோட்டல், சைவக் கடை, சிங்களவரின் பேக்கரி மூன்றையும் இன்றும் காணலாம். தோட்டத்துச் சம்பளம் கிடைத்ததை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் இக்கடைகளில் உட்கார இடம் கிடைக்காது.

எங்கள் கடைகளிலும் கண்ணாடி அலுமாரி உண்டு. அதனுள் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மீன் பணிஸ், மரக்கறி ரொட்டி, பருப்பு வடை. மேசையில் அமர்ந்ததும் பலவகைச் சோர்ட் ஈட்ஸ் நிறைந்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் எதைத் தின்றோமோ அதற்கு மட்டும் பணம். ‘இரண்டு ரோல்ஸ், ஒரு வடை, ஒரு பிளேன்டீ’ என்று நாமே சொல்ல, அதை நம்பிக் கணக்குப் போடுவார்கள். இத்தாலிய டெலியில் தராசு செய்யும் வேலையை இங்கே நம்பிக்கை செய்கிறது. தெரிந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொப்பியும் உண்டு.

சமையலிலும் ஒற்றுமை இருக்கிறது. இத்தாலியர் பாஸ்தாவின் மேல் துருவிப் போடும் பார்மிஜானோ சீஸ் குறைந்தது 12 மாதம் முதிர வைக்கப்படுவது, கல்போல் இறுகியது. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசியும் அப்படித்தான். அவித்து, புகையூட்டி, காயவைத்த மீன் அது. இரண்டும் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் உணவைக் காக்கக் கண்ட வழிகள். இரண்டிலும் ஒரு சிட்டிகை போதும், முழுச் சாப்பாட்டுக்கும் சுவை வந்துவிடும்.

நாம் கேட்டறிய வேண்டியவை

இத்தாலிய உணவு உண்ணும் முன் முஸ்லிம் பிள்ளைகள் சிலவற்றைத் தெரிந்திருப்பது நல்லது. சலாமி, ப்ரொஷூட்டோ என்பவை பொதுவாகப் பன்றி இறைச்சி. ப்ரெசாவோலா மாட்டிறைச்சி என்றாலும் அறுத்த முறையைக் கேட்க வேண்டும். சில குழம்புகளில் வைன் சேர்ப்பார்கள். பாலை உறையவைக்க இடும் ‘ரென்னட்’ என்ற பொருள் பார்மிஜானோ சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதன் சட்டம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பல வகைச் சீஸ்களுக்கு இப்போது நுண்ணுயிர் வழியாகப் பெறும் ரென்னட்டைப் பயன்படுத்துகிறார்கள். பொதியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தால், இல்லையேல் கடைக்காரரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. நல்ல டெலிக்காரர் தம் பண்டம் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று சொல்வதையே பெருமையாகக் கருதுவார்.

பெயரின் பெறுமதி

‘அசல்’ என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பும் உண்டு. குறித்த மாகாணங்களில், குறித்த முறையில் செய்தால்தான் ‘பார்மிஜானோ ரெஜ்ஜானோ’ என்று பெயரிட முடியும். கம்பானியாப் பகுதியின் எருமைப்பால் மொஸரெல்லாவுக்கும் 1996 முதல் அத்தகைய பாதுகாப்பு இருக்கிறது. எமது கறுவாவும் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையிலிருந்து அந்த நிலையை எட்டிய முதற் பொருள் அதுவே. மொனராகலைப் பக்கத்து எருமைத் தயிர் இன்னும் மண்சட்டியில் வெறும் ‘தயிர்’ என்றே விலையாகிறது. அங்கும் எருமைப்பால், இங்கும் எருமைப்பால்.

பொருளுக்கு மட்டுமல்ல, செய்பவருக்கும் அங்கே பெயர் உண்டு. பொலோன்யா நகரில் பாஸ்தா மாவைக் கையால் விரிக்கும் பெண்ணைச் ‘ஸ்ஃபோலினா’ என்பார்கள். அது மதிப்புள்ள ஒரு தொழிற்பெயர். தென் இத்தாலியின் பாரி நகரிலோ பெண்கள் வீட்டு வாசலில் அமர்ந்து, சிறு காது வடிவப் பாஸ்தாவைக் கையால் செய்து அங்கேயே விற்கிறார்கள். அதைப் பார்க்கவென்றே பயணிகள் அந்தத் தெருவுக்குப் போகிறார்கள்.

இதை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுக் குசினி. என் உம்மாவும் சாச்சியும் கட்லட்டும் ரோல்ஸும் செய்து நகரத்துக் கடையொன்றுக்குக் கொடுக்கிறார்கள். சுபஹ் தொழுகைக்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கும். எங்கள் அயலில் இடியப்பம் அவித்துக் கொடுக்கும் தாய்மாரும் உண்டு. கடையின் கண்ணாடி அலுமாரியில் இருப்பவற்றுள் ஒரு பகுதி இப்படி வீடுகளிலிருந்து வருவது. சாப்பிடுபவர் கடையின் பெயரை மட்டுமே அறிவார்.

உயர்தர வகுப்பில் நான் கணக்கீடு படிக்கிறேன். உற்பத்திச் செலவு என்றால் மூலப்பொருள், கூலி, மேந்தலைச் செலவு மூன்றும் சேர்ந்தது என்று பாடத்தில் இருக்கிறது. அந்த முறையில் உம்மாவின் கட்லட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீன், கிழங்கு, வெங்காயம், முட்டை, ரஸ்க் தூள், எண்ணெய் எல்லாம் அவருடைய கொப்பியில் சரியாக இருந்தன. எரிவாயு எப்போதாவது எழுதப்பட்டிருந்தது. கூலி என்ற நிரலே இல்லை. 100 கட்லட்டுக்கு இருவர் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேலை செய்கிறார்கள். மாலையில் விற்காமல் மிஞ்சியவை திரும்பி வீட்டுக்கே வரும், அந்த நட்டமும் செய்தவருக்கே. ‘வீட்டு வேலைதானே மகள், இதுக்கென்ன கூலி?’ என்றார் உம்மா.

இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. எரிவாயு இல்லாமல் எத்தனையோ கடைகள் அந்த ஆண்டு அடுப்பை அணைத்தன. ஆனால் சாப்பிட வருபவர்களின் வருமானம் அந்த வேகத்தில் கூடவில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகி, அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவுக்கு வந்தது 2024 இல்தான். அவர்களிடம் ஒரு கட்லட்டுக்கு எவ்வளவு கேட்க முடியும்? பொருள் விலை ஏறுகிறது, விற்கும் விலை அதே அளவு ஏற முடிவதில்லை. இடையில் உள்ள பள்ளத்தை நிரப்புவது கணக்கில் எழுதப்படாத ஒரு பெண்ணின் உழைப்பு. எங்கள் சாப்பாடு மலிவாக இருப்பதன் இரகசியங்களுள் அதுவும் ஒன்று.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்கள் எனக்குத் தெரியாது. சிறிய காரியங்கள் சில சொல்வேன். முதலாவது, வீட்டில் சமைத்து விற்கும் தாய்க்கு மகள் கணக்கு எழுதிக் கொடுக்கட்டும். நேரத்துக்கும் ஒரு நிரல் போடட்டும். எங்கள் வீட்டில் அந்த நிரலைக் கண்ட பிறகுதான் வாப்பா கடைக்காரரிடம் பேசினார். மிஞ்சியதில் பாதியைக் கடையே ஏற்க இப்போது இணக்கம் ஏற்பட்டுள்ளது.

இரண்டாவது, தொழிலுக்கு ஒரு பெயர் வைக்கட்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் பெறலாம். பெயரும் தயாரித்த திகதியும் அச்சிட்ட ஒரு சிறு துண்டு பொதியின் மேல் இருந்தால், வாங்குபவர் அதையே தேடி வருவார்.

மூன்றாவது, சமையலைத் தொழிலாகக் கற்க விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டாம். சமையலுக்கும் பேக்கரித் தொழிலுக்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. வைத்தியராகவும் ஆசிரியையாகவும் வர விரும்புவது நல்லதே. ஆயினும் நாலு பேருக்கு ஹலாலான, சுத்தமான உணவைத் தன் பெயரில் கொடுப்பதும் குறைந்த வேலையல்ல.

பீட்சா சாப்பிடுவதை நான் எதிர்க்கவில்லை. எனக்கும் அது பிடிக்கும். இத்தாலியரின் சமையற் குறிப்பை எடுத்துக்கொள்ளும் நாம், செய்த கைக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் நல்லது. உம்மாவின் கொப்பியில் இப்போது நான்கு நிரல்கள் இருக்கின்றன. நான்காவதன் தலைப்பை அவரே தன் கையால் எழுதினார்: ‘என் கூலி.’