சுறாவுக்குப் பின்னால் ஓடும் பம்பு

தீபாவளி முடிந்த கையோடு திருப்பூரில் மிஷின் சத்தம் ஒரு வாரம், பத்து நாள் ஓய்ந்துவிடும். போனஸ் கையில் இருக்கும்; பிள்ளைகளுக்கும் லீவு. பல்லடம் ரோட்டில் இருக்கும் அருள்புரத்துக் குடும்பங்கள் நாலு இடம் போய்வர வருஷத்தில் வாய்க்கிற சமயம் இதுதான். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் சென்னை. சிக்கல் ஒன்றே ஒன்று: வடகிழக்குப் பருவமழையும் அதே வாரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும். மெரினாவில் காலை நனைக்கப் போனவர்கள் தலை நனைந்து ஆட்டோ தேடுவார்கள். மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாளில், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ஒதுங்குவதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் விஜிபி மரைன் கிங்டம் தோதான இடம். 2019-ல் திறந்தது. கடல் மேலேயும் பக்கவாட்டிலும் இருக்க, நடுவில் நாம் நடந்து போகும் சுரங்கப் பாதைதான் அங்கே விசேஷம்.

எங்கள் வீட்டுக் கூட்டம் போனபோது சின்னவள் கேட்டது, "டால்பின் எங்கே?" சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் மச்சான் கேட்டது வேறு: "ஏன் மாப்ள, மீனெல்லாம் இருக்கட்டும். இத்தனை தண்ணியை எங்கே வெச்சுச் சுத்தம் பண்றாங்க?"

சின்னவள் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. மாமல்லபுரம் போகும் வழியில் 'டால்பின் சிட்டி' என்று ஒன்று இருந்தது. 1998-ல் பல்கேரியாவிலிருந்து டால்பின்களைக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களில் அவை இறந்தன. 2013-ல் மத்திய அரசு டால்பின்களைக் காட்சிக்கு அடைத்துவைக்கும் இடங்களுக்கு இனி அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. நாளெல்லாம் மைல் கணக்கில் நீந்தும், கூட்டமாகப் பேசிக்கொள்ளும் விலங்கை ஒரு தொட்டிக்குள் பந்து தட்ட வைப்பது கொடுமை என்பது என் கட்சியும்தான். ஆகவே மீன்கள்.

மச்சான் கேள்விக்குத்தான் பதில் நீளம். அதற்கு முன் அந்தச் சுரங்கத்தைப் பார்த்துவிடலாம்.

தலைக்கு மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் அது மூன்று டன் எடை. பக்கச் சுவரில் கீழே போகப் போக அழுத்தம் இன்னும் கூடும். இதைத் தாங்குவது கண்ணாடி இல்லை, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். கண்ணாடி தடிமனானால் அதிலுள்ள துளி இரும்பு பச்சை நிறம் காட்டத் தொடங்கும்; அக்ரிலிக் எவ்வளவு தடித்தாலும் தெளிவாக இருக்கும். ஜப்பானில் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தின் பெரிய ஜன்னல் 60 சென்டிமீட்டர் தடிமன். அதற்கு அந்தப் பக்கம் திமிங்கலச் சுறா நீந்துவது துல்லியமாகத் தெரிகிறது. அக்ரிலிக்கைச் சூடாக்கினால் வளையும், துண்டுகளை ஒட்டினால் ஒன்றாகும், கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றலாம். வளைவாகச் செய்ததற்குக் காரணம் பழைய கோயில் மண்டபத்திலும் பாலத்திலும் உள்ளதுதான்: வளைவின் மேல் விழும் எடை அதை அமுக்குகிறதே தவிர, இழுத்துப் பிளப்பதில்லை. தண்ணீரின் எடையே விளிம்பைச் சிலிக்கோன் மெத்தையில் அழுத்திப் பிடித்துக் கசிவையும் அடைத்துவிடுகிறது.

இந்த யோசனையை ஊருக்குக் காட்டியவர் நியூசிலாந்தின் முக்குளிப்பாளர் கெல்லி டார்ல்டன். ஏழு சென்டிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகைகளைப் பெரிய அடுப்பில் சூடாக்கி, அச்சின் மேல் வளையவிட்டுச் சுரங்கம் செய்தார். 1985 ஜனவரியில் ஆக்லாந்தில் திறந்தார். ஏழு வாரத்தில் இறந்துபோனார், வயது 47. கடலை அடைத்துவைக்க அவர் பிடித்த இடம் என்ன தெரியுமா? கைவிடப்பட்ட சாக்கடைத் தொட்டிகள். மச்சானிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. தொட்டி என்றால் தொட்டிதானே என்றார்.

அக்ரிலிக் தோற்றதும் உண்டு. 2022 டிசம்பர் 16 விடிகாலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றின் கூடத்தில் நின்ற 16 மீட்டர் உயர அக்வாடோம் என்ற உருளை வெடித்து, பத்து லட்சம் லிட்டர் தண்ணீரும் சுமார் 1,500 மீன்களும் வெளியே பாய்ந்தன. விசாரணையில் ஒட்டிய இணைப்பு உட்படச் சில காரணங்கள் பேசப்பட்டன. இதுதான் என்று ஒன்றைக்கூட உறுதி செய்ய முடியவில்லை.

சுரங்கத்தில் நின்று பார்க்கும் சுறாவின் அளவை நம்பாதீர்கள். தட்டையான ஜன்னல் வழியே பார்க்கும் மீன், ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது விலகுவதால், இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோலத் தோன்றும். அதனால் பெரிதாகவும் தெரியும். வளைந்த சுரங்கமோ இரண்டுங்கெட்டான். நீளவாக்கில் அது தட்டை ஜன்னல். குறுக்குவாக்கில் ஒளி கிட்டத்தட்ட நேராகவே கண்ணுக்கு வந்துவிடுவதால் அந்தப் பெரிதாக்கல் இல்லை. ஆகவே சுரங்கத்தோடு கூடவே நீந்தும் சுறா ஒல்லியாக நீண்டிருக்கும். அதே சுறா திரும்பித் தலைக்கு மேல் குறுக்கே கடந்தால் சட்டென்று குட்டையாகிவிடும். ஒரு மீனைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், புரிந்துவிடும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

மீன் தின்கிறது, கழிக்கிறது. கழிவில் மோசமானது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீனின் செவுள் வழியே ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கடலில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட ஆகவேண்டாம், அதற்கு முன்பே மீன்கள் திணறத் தொடங்கும். அதனால் பார்வையாளர் பார்க்கும் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஆலை இரவுபகலாக ஓடுகிறது. சுறாத் தொட்டி மாதிரிப் பெரியவற்றில் முழுத் தண்ணீரும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பு வழியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். முதலில் மணல் வடிகட்டி: எச்சம், தீனித் துணுக்கு, கலங்கல் எல்லாம் அங்கே நிற்கும். அடைத்துக்கொண்டால் தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவுவார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆட்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள்.

அடுத்தது நுரைக் கோபுரம். உயரமான குழாயின் அடியில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழி விடுவார்கள். மீனின் கோழை, புரதம், கொழுப்பு போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், ஒரு பக்கம் பிடிக்காது. பிடிக்காத பக்கத்தைக் காற்றுக்குள் நீட்டிக்கொண்டு அவை குமிழியில் ஒட்டிக்கொள்ளும். குமிழி மேலே ஏற, அழுக்கும் பழுப்பு நுரையாக மேலே வந்து வழியும். வழித்து வெளியே தள்ளினால் முடிந்தது. உப்புத் தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை என்பதால் இந்த வேலை நன்றாக நடக்கிறது. குளத்து மீன் தொட்டியில் இவ்வளவு எடுபடாது. பல இடங்களில் காற்றோடு ஓசோனையும் கலப்பார்கள். நிறம் போகும், கிருமி சாகும். சாயத் தண்ணீரின் நிறத்தை எடுக்கவும் இதே ஓசோனைப் பயன்படுத்துகிறார்கள்.

நுரை என்றதும் நமக்குத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஞாபகம் வராமல் போகாது. நல்ல மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தால் அணைக்கட்டுகளில் நுரை குவியும். படம் எடுத்துப் பேப்பரில் போடுவார்கள். 2019 டிசம்பரில் சென்னை மெரினாவிலும் மழைக்குப் பிறகு கரை முழுக்க நுரை நின்றது. பிள்ளைகள் பனி என்று நினைத்து அதில் விளையாடினார்கள். அங்கே நடப்பதும் நுரைக் கோபுரத்தில் நடப்பதும் ஒரே இயற்பியல்: சோப்பும் சாக்கடைக் கழிவும் குமிழியைப் பிடித்துக்கொள்கின்றன, மழைத் தண்ணீர் விழுந்து கலக்கிவிடுகிறது. சுத்திகரிப்புக் கருவி செய்யவேண்டிய வேலையை ஆறும் கடலும் செய்கின்றன. நுரையை வழித்து எடுக்கத்தான் அங்கே ஆளில்லை.

மூன்றாவது கட்டத்தில் வேலை செய்வது பாக்டீரியா. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் அவ்வளவு விஷமில்லை. இந்தப் பாக்டீரியாவுக்குக் குடியிருக்கப் பரப்பு வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும்; ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் துண்டுகளை நிரப்பி அதன்மேல் தண்ணீரைக் கொட்டுவார்கள். புதுத் தொட்டி கட்டிய உடனே மீன் விட முடியாது. பாக்டீரியா குடியேறிப் பெருக ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகும். மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் மீனுக்கு மட்டும் ஆபத்தில்லை, இவையும் மூச்சுமுட்டும். மழை நாளில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கவலை.

மழை வேறு விதத்திலும் படுத்தும். கடலிலிருந்து நேரே தண்ணீர் எடுக்கும் காட்சியகங்களுக்கு, ஆறுகள் கரைபுரண்டு கடலில் சேரும் வாரம் மோசமான வாரம். கரையோரத் தண்ணீர் கலங்கிவிடும், உப்பும் குறைந்துவிடும். நல்ல தண்ணீரை முன்பே சேமித்து வைத்திருக்க வேண்டும், அல்லது உப்பைக் கலந்து கடலைச் செய்துகொள்ள வேண்டும்.

கடலைச் செய்வதென்றால் எவ்வளவு உப்பு? லிட்டருக்குச் சுமார் 35 கிராம். பத்து லட்சம் லிட்டர் தொட்டிக்கு 35 டன். அதிலும் சமையல் உப்பை மட்டும் கொட்டினால் போதாது. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் எல்லாம் கடலில் உள்ள விகிதத்தில் வேண்டும்.

இந்த 35 கிராம் கணக்கைக் கேட்டு மச்சான் சிரித்தார். கடலிலிருந்து சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அருள்புரத்தில் கடலைவிட உப்பான தண்ணீரில்தான் அவருக்கு அன்றாட வேலை. பருத்தி நூலும் ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் ஒரே மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலை அடக்கினால்தான் சாயம் நூலில் ஏறும். கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவதுண்டு. ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்றாலே கிட்டத்தட்ட அரைக்கிலோ உப்பு. இதில் துணியோடு போவது எதுவுமில்லை; அத்தனையும் கழிவுநீரில். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு இந்த உப்பும் பெரிய காரணம். நிறத்தையும் அழுக்கையும் பாக்டீரியா தின்னும், ஓசோன் வெளுக்கும். உப்பை எதுவும் தின்னாது.

மீன்காட்சியகம் உப்பை வைத்துக்கொண்டு அழுக்கை எடுக்கிறது. அருள்புரம் இரண்டையும் எடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் ஆர்.ஓ. சவ்வுக்குள் தண்ணீரை அழுத்தித் தள்ளி நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்புகிறார்கள். மிஞ்சும் செறிந்த உப்புநீரைச் சுத்தம் செய்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறையைப் பரீட்சித்துக் காட்டிய இடங்களில் அருள்புரம் நிலையம் முக்கியமானது. உப்பு வாங்கும் செலவு குறையும், உப்புநீரை ஆவியாக்கும் செலவும் குறையும். சுறாத் தொட்டியின் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதுபோல் இங்கே உப்பும் சுற்றுகிறது.

ஆனால் சுற்று முழுதாக மூடுவதில்லை. தொட்டியில் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும். அந்த வசதி திருப்பூருக்கு இல்லை. திருப்ப முடியாத உப்புநீரை ஆவியாக்கிய பிறகு சல்பேட்டும் குளோரைடும் அழுக்கும் பிரிக்கமுடியாமல் கலந்த ஓர் உப்பு மிஞ்சும். சாயத்துக்கும் ஆகாது, விற்கவும் முடியாது. சுத்திகரிப்பு நிலையங்களில் அதை மூட்டை மூட்டையாகக் கட்டி, மழை பட்டால் மறுபடி கரைந்து மண்ணில் இறங்கிவிடும் என்பதால், கூரைக்கடியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.