டிக் டிக் என்றால் நிறுத்துங்கள்

ஸ்ரீமுஷ்ணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: கல்யாணப் படங்கள் உள்ள ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்கிறதாம், ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் சரியாகுமா?

வேண்டாம் ஐயா. உள்ளே ஈரம் கோத்துக்கொண்டால் மிச்ச உயிரும் போய்விடும். அந்த ‘டிக் டிக்’, தகவலைப் படிக்கும் ஹெட் தன் இடம் அகப்படாமல் பின்வாங்கி மறுபடி மறுபடி தேடும் சத்தம். இன்னொரு முறை போட்டுப் பார்க்கும்போது தட்டையே கீறிவிடலாம். கழற்றி, தூசியில்லா அறை வசதியுள்ள மீட்பு நிலையத்தில் கொடுங்கள். செலவு கையைக் கடிக்கும்.

அந்த ஹெட்டைப் பற்றி, பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தின் பக்கத்து ஊர்க்காரரிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது? அதைச் சுமக்கும் துணுக்கே ஒரு செராமிக்தான். அலுமினாவும் டைட்டானியம் கார்பைடும் சேர்த்துச் சுட்டது; நீளம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும் தட்டு இழுத்துவரும் காற்றில் அது மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். சிகரெட் புகையின் துகள்கூட அதில் நுழையாது.

சரி, ஓடும்போதே கரண்ட் போனால்? தட்டு நின்றால் காற்றும் நிற்கும். ஹெட் கீழே உட்கார்ந்துவிட வேண்டும். உட்காருவதில்லை. கரண்ட் போன பிறகும் தட்டு கொஞ்ச நேரம் சுழல்கிறதல்லவா, அந்தச் சுழற்சி மோட்டாரையே ஜெனரேட்டராக்கிவிடுகிறது. பள்ளி நாளில் மிதிப்பதை விட்ட பிறகும் சக்கரம் உருளும்வரை என் சைக்கிள் டைனமோ விளக்கு எரியும், அதே வித்தை. அந்தத் துளி மின்சாரத்தில் ஹெட் தட்டைவிட்டு விலகி ஓரத்துச் சரிவில் ஏறிக்கொள்கிறது. 2011 தானே புயலில் நாள்கணக்காக இருண்டு கிடந்த உங்கள் மாவட்டத்தில் இதை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை.

ஆனாலும் டிஸ்க் என்றாவது சாகும். நாமோ போனில் இடமில்லை என்று படங்களை அதில் போட்டுவிட்டு, போனில் அழித்துவிடுகிறோம். அப்புறம் “பேக்கப் எடுத்தாச்சு” என்கிறோம். எங்கே எடுத்தோம்? இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். பீரோவில் வைத்துப் பூட்டுவது வேறு!

உங்களுக்குக் கிழக்கே சிதம்பரத்தில் தேவார ஏடுகளையும் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். நம்பியாண்டார் நம்பி சோழ மன்னனோடு போய்த் திறந்தபோது கரையான் அரித்துக் கிடந்தன என்கிறது திருமுறை கண்ட புராணம். கிடைத்தது ஒரு பகுதிதான். காட்டுமன்னார்கோவில் நாதமுனிகள் கெட்டிக்காரர். வழக்கொழிந்திருந்த நாலாயிர திவ்யப் பிரபந்தத்தை மீட்டதும், மேலையகத்தாழ்வார், கீழையகத்தாழ்வார் என்று மருமான்கள் இருவருக்கும் இசையோடு கற்பித்தார் என்பது வைணவ மரபு.

நீங்களும் அப்படியே ஸ்டுடியோவில் ஒரு நகல், வெள்ளம் எட்டாத வெளியூரில் மைத்துனர் வீட்டில் ஒன்று என வையுங்கள். நகலெடுத்ததும் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள். ஆல்பத்தோடு ஒரு டிஸ்க்கைக் கல்யாண வீட்டார் கையிலும் கொடுத்து, விலையைப் பில்லில் சேருங்கள். ட்ரோனுக்குக் கொடுக்கிறவர்கள் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்கள்.