லோடு மண் வாங்கப் போகிறீர்களா?

அரிசி வாங்கினால் ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பார்க்கிறோம். புளி வாங்கினால் கொட்டை எவ்வளவு, கோது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். இத்தனை கெட்டிக்காரியான நான், வளையலை அடகு வைத்து வீட்டுக்கு மண் வாங்கியபோது மட்டும் எதையும் பார்க்கவில்லை. "மண்ணுதானே!" என்று இருந்துவிட்டேன். அதற்காகப் பட்ட பாட்டைச் சொல்கிறேன். உங்களில் யாராவது இந்தக் கோடையில் வாசலுக்கு மண் அடிக்கப் போவதாக இருந்தால் உதவும்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே. கட்டும்போது தெருவைவிட வாசல் அரையடி உயரம். பிறகு தார் ரோடு போட்டார்கள். அதன்மேல் இன்னொரு தடவை, அதற்கும் மேல் இன்னொரு தடவை. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும் என்று 2021-ம் வருஷம் மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஆனால் அதற்குள் எங்கள் வாசல் ரோட்டுக்கு ஓர் அடி கீழே போயிருந்ததே! 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது வீட்டுக்குள்ளேயே வந்த தண்ணீரை விட்டுவிடுங்கள். அது ஊருக்கே வந்தது. சாதாரண ஐப்பசி மழைக்கே எங்கள் வாசலில் நாலு நாள் தண்ணீர் நிற்கும். அதில் கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம், பத்து நாள் போதும். சின்னவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தபோதுதான், வளையல் போனாலும் பரவாயில்லை, மண்ணடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். அது 2022-ம் வருஷக் கோடை.

முதல் தப்பு, எவ்வளவு மண் வேண்டும் என்றே கணக்குப் பார்க்காதது. "ஆறு லோடு ஆகும்" என்றார் மேஸ்திரி. சரி என்று தலையாட்டினோம். கணக்கு ஒன்றும் பெரிதில்லை சகோதரிகளே! நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கினால் கன அடி. எங்கள் வாசல் 30 அடிக்கு 20 அடி. சராசரியாக ஒன்றரை அடி உயர்த்த வேண்டும். ஆக 900 கன அடி. நம் பக்கத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். எனவே 9 யூனிட். ஆனால் லாரியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். ரவையை டப்பாவில் கொட்டித் தட்டினால் இறங்குகிறதே, அதுமாதிரி. அதனால் கால் பங்கு கூடச் சேர்த்து, 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு யூனிட் லாரி என்றால் ஆறு நடை. மேஸ்திரி சொன்னது சரிதான். ஆனால் லாரியில் இரண்டு யூனிட் இருந்தால்தானே?

முதல் லோடு ராத்திரி பத்து மணிக்கு வந்தது. (இந்த லாரிகள் ஏன்தான் எப்போதும் ராத்திரியே வருகின்றனவோ!) கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பார்த்தால் மண்ணா அது? உடைந்த ஓடு, செங்கல், கழிவறைப் பீங்கான், பிளாஸ்டிக் பை, மக்கிப்போன ஜன்னல் கட்டை! எங்கோ பழைய வீட்டை இடித்த குப்பை. "அடியிலே போறதுதானேம்மா, யாரு பார்க்கப் போறா?" என்றார் மண் ஏஜென்ட் போனில். நானும் யோசித்தேன், அடியில்தானே போகிறது என்று. யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவன் செருப்பில்லாமல் அதன்மேல் ஏறி, கண்ணாடித் துண்டு பாதத்தில் ஆழமாகக் குத்திவிட்டது. மூன்று தையல், டி.டி. ஊசி. திருப்பி எடுத்துப் போகச் சொன்னதற்கு ஏஜென்ட் மாட்டேன் என்றார். ஆள் வைத்து வாரிப் போடக் கூலி தனியாகக் கொடுத்தோம்.

சுத்தமான செங்கல் ஜல்லி, கான்கிரீட் துண்டு மட்டும் என்றால் ஆழமான பள்ளத்துக்கு அடியில் போட்டு, இடுக்கெல்லாம் மண் இறங்கும்படி இடிக்கலாம். மரக்கட்டை, வேர், பை, துணி இருக்கவே கூடாது. கட்டை மக்கினால் மேலே தரை பள்ளம் விழும். அதோடு கரையானுக்கு நாமே விருந்து வைத்து, வீட்டுக்கு வழியும் காட்டியதாகிவிடும்.

அடுத்த லோடிலிருந்து நான் உஷாராகிவிட்டேன். பகலில் கொண்டுவந்தால்தான் இறக்கவிடுவேன் என்று சொன்னேன். லாரிக்கு அரசாங்கத்தின் நடைச்சீட்டு இருக்கிறதா என்று இவர் கேட்டார். திருட்டு மண் என்றால் லாரியைப் பிடிக்கும்போது நாமும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவருமே! நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு லாரி மேலேயே ஏறிவிட்டேன். டிரைவருக்குச் சிரிப்பு. "என்னம்மா, துணியா வாங்கறீங்க, அளந்து பார்க்க?" என்றார். தொட்டியின் உள்நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மண் நின்ற உயரம் இரண்டரை அடி. பெருக்கிப் பாருங்கள்: 150 கன அடி. இரண்டு யூனிட்டுக்குக் காசு, ஒன்றரை யூனிட் மண்! கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் டிரைவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முதலாளிக்குப் போன் போட்டார். பேசிப் பேசி, ஒன்றரை யூனிட்டுக்கே காசு கொடுத்தோம்.

எந்த மண் நல்லது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் பள்ளம் தூர்க்கச் சவுடு மண் போடுவார்கள். மணலும் கொஞ்சம் களியும் கலந்தது. கிராவல் இன்னும் கெட்டியாக உட்காரும். ஏரிக் களிமண் மட்டும் சுவர் ஓரத்துக்கு வேண்டவே வேண்டாம். மழையில் ஊதி, வெயிலில் வெடித்து, சுவரையும் தரையையும் படாதபாடு படுத்தும். தோட்டத்துக்கென்று விற்கும் எருக்கலந்த மண்ணும் தூர்க்க உதவாது. அது மக்கி மக்கி இறங்கும். மேல் அரையடிக்கு, செடி வைக்கும் இடத்தில் மட்டும் போடலாம்.

சோதிக்க நம் சமையலறைப் பழக்கமே போதும். ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, கைமுறுக்குக்குத் திரிப்பதுபோல் உருட்டுங்கள். முறியாமல் மெல்லிசாக நீண்டுகொண்டே போனால் களி அதிகம், வேண்டாம். உருட்டவே வராமல் உதிர்ந்தால் வெறும் மணல். கொஞ்சம் நீண்டு முறிந்தால் நமக்கு வேண்டியது அதுதான். இன்னொன்று, கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மேலே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் அதன்மேல், களி கடைசியில். மறுநாள் காலையில் மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

கொட்டுவதிலும் முறை இருக்கிறது. ஒன்றரை அடியையும் ஒரேயடியாகக் கொட்டிச் சமன் செய்தால் முதல் மழையில் ஆங்காங்கே குழி விழும். அரையடி பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, அதன்மேல் அடுத்த அரையடி. தண்ணீரைப் பாய்ச்சிச் சேறாக்கிவிடக் கூடாது. பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்கிற ஈரம் போதும். சிமெண்டோ டைல்ஸோ போட அவசரப்படாதீர்கள். ஒரு மழைக்காலம் போகட்டும், இறங்குகிறது எல்லாம் இறங்கட்டும்.

சுவரோரம் மண் எவ்வளவு உயரம் வரலாம்? வீட்டுத் தரைமட்டத்துக்குக் குறைந்தது அரையடி கீழேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஏறினால் சுவரில் ஓதம் ஏறும், கரையான் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்விடும். எங்களுக்கு முக்கால் அடி மிச்சம் வைத்தோம். செப்டிக் டேங்க் மூடியையும், மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் மூடிவிடாமல் உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் வாயையும் அப்படியே; இல்லாவிட்டால் வாசல் அழுக்குத் தண்ணீரெல்லாம் குடிக்கிற தண்ணீரில். லாரியை அந்தத் தொட்டிமேல் ஏற்றவிடாமல் நான் குறுக்கே போய் நின்ற கதை தனி!

மாமரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை அடி மண் போட்டு அழகாகத் தட்டிவிட்டோம். வேருக்குக் காற்று போகாமல் நுனிக்கிளைகள் காய ஆரம்பித்தன. பிறகு மண்ணைத் தோண்டி, சுற்றிலும் செங்கல் வட்டம் கட்டினோம். பிழைத்தது பாதி மரம்தான்.

இதையெல்லாம்விட மனசைச் சுட்டது வேறு. தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓட வாட்டம் வேண்டும், மண் தரையானால் முதல் பத்தடிக்குள் அரையடி இறங்க வேண்டும் என்பதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஐப்பசி பிறந்து நல்ல மழை. என் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை! ஜன்னலில் நின்று பார்த்துப் பூரித்துப் போனேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். தனியாக இருப்பவர், வயது அறுபதுக்கு மேல். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஏம்மா, என் வீட்டு மழை எனக்குப் போதாதா? உன் வீட்டு மழையையும் நான்தான் வாங்கிக்கணுமா?"

போய்ப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் ஊறி, எங்கள் வாசல் தண்ணீர் முழுக்க அவர் சமையற்கட்டுப் பின்னால் நின்றது. அதுமட்டுமில்லை. அரைக்கல் சுவர், மதிலாக நிற்கக் கட்டியதே தவிர மண்ணைத் தாங்க அல்ல. ஈர மண் தள்ளி, அவர் பக்கமாக வயிறு தள்ளி நின்றது. அதன் ஓரத்தில்தான் அவர் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் விளையாடுவார்கள். எனக்குக் கைகால் உதறிவிட்டது. பிள்ளைக்கு டெங்கு வந்ததால் மண்ணடித்தவள், அவர் வீட்டில் கொசுவை வளர்த்திருக்கிறேன்!

அந்த வாரமே ஆள் பிடித்தோம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி மண்ணை வெட்டி எடுத்து, மண் சரியாமல் செங்கல் வரிசை கட்டி, நடுவில் கிடைத்த இடத்தையே தெருப்பக்கம் வாட்டமாக ஒரு வாய்க்காலாக்கினோம். சேகரிப்புக் குழிக்கும் அதிலிருந்தே ஒரு வழி. தரையின் வாட்டத்தையும் ரோட்டுப் பக்கம் திருப்பினோம். வயிறு தள்ளிய சுவரைப் பத்தடிக்கு இடித்துக் கட்டினோம். அந்தச் செலவு முழுக்க எங்களுடையதுதான். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் கெண்டைக்கால் அளவு தண்ணீர். எங்கள் வாசலுக்கும் வந்தது, ஆனால் படியோடு நின்று மறுநாளே வடிந்துவிட்டது. அக்கா வீடு தாழ்ந்தே இருந்ததால் தெருத் தண்ணீர் உள்ளேயே போய்விட்டது. இரண்டு ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். "நீ மண்ணடிச்சப்பவே நானும் அடிச்சிருக்கணும்டி" என்றார்.

போன வாரம் அவர் வீட்டுக்கு முதல் லோடு வந்தது, பட்டப்பகலில். வாய்க்காலுக்கு எங்கள் பக்கம் போலவே அவர் பக்கமும் ஓரடி விடச் சொல்லி, மேஸ்திரியிடம் சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுத்தேன். அக்காவால் லாரியில் ஏற முடியாது. தையல் டேப்போடு நான்தான் ஏறினேன். உயரம் இரண்டேகால் அடிதான் இருந்தது.