தட்டு சுற்றுகிறது, கை எங்கே?

பழைய டர்ன்டேபிளுக்கு டோன் ஆர்ம் தேடும் பெங்களூரு இசைப் பிரியர்களுக்குப் பெயரைவிடப் பொருத்தமே முக்கியம்.

சிக்பேட் பக்கம் ஞாயிறு காலைகளில் கூடும் பழைய சாமான் சந்தையில் நின்றுபோன எச்எம்டி கைக்கடிகாரம் கிடைக்கும். பூஞ்சை பிடித்த கேமரா லென்ஸ், ஜோடி பிரிந்த ஸ்பீக்கரும் கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பழைய டர்ன்டேபிள். ரப்பர் சக்கரத்தை மாற்றி எண்ணெய் விட்டால் தட்டு மறுபடி சுற்றும். ஆனால் ஊசியைத் தாங்கும் கை, அதாவது டோன் ஆர்ம், பல சமயம் இருக்காது. இருந்தாலும் வளைந்திருக்கும். ஒரு கை வாங்கிப் போட்டால் ஆயிற்று என்பார் வியாபாரி. தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கை இல்லாமலே விற்கப்பட்டவையும் உண்டு. பிரிட்டனின் ஸ்விண்டன் நகரில் தயாராகி 1954ல் வெளிவந்த காரர்ட் 301 அப்படித்தான். மோட்டாரும் தட்டும் மட்டும் தருவார்கள்; எந்தக் கையைப் பூட்டுவது என்பது வாங்கியவர் பாடு. இன்று அந்த முடிவை எடுக்கும் பலரும் முதலில் உச்சரிக்கும் பெயர் எஸ்.எம்.இ. சிறிய அளவு மாதிரிகள் செய்வதற்காக 1946ல் அலஸ்டர் ராபர்ட்சன்-ஐக்மன் தொடங்கிய நிறுவனம் அது. 1959ல் அவர் சொந்த உபயோகத்துக்காக ஒரு கை செய்துகொண்டார். நண்பர்கள் விடவில்லை, அதுவே தொழிலாகிவிட்டது. அழகான பொருள்தான். ஆனால் அழகு பார்த்து மட்டும் முடிப்பது சிக்கல்.

கையும் கார்ட்ரிட்ஜும் சேர்வது கல்யாணப் பொருத்தம் மாதிரி. ஊசியைத் தாங்கும் நுண்ணிய தண்டு ஸ்பிரிங் போல வளைந்து கொடுக்கும். ஊசி முனையில் உணரப்படும் கையின் எடை அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்த பாரம். இரண்டும் சேர்ந்து தமக்கென்று ஒரு வேகத்தில் ஊஞ்சலாடும். அந்த ஆட்டம் விநாடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் நெளிந்த இசைத்தட்டின் மேடுபள்ளம் கையைத் தூக்கிப் போடும். மிகவும் மேலே போனால், 20ல் தொடங்கும் இசையின் அடிநாதத்தையே தொந்தரவு செய்யும்.

உதாரணமாக, எஸ்.எம்.இ. 3009ன் மேம்படுத்தப்பட்ட வகைகளில் ஒன்றின் எடை வெறும் 6.5 கிராம். ஜப்பானிய வானொலிக்காக உருவான டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜோ விறைப்பானது. இரண்டையும் சேர்த்தால் ஆட்டம் 13ஐத் தாண்டும். அதே கார்ட்ரிட்ஜை 14 கிராம் கையில் மாட்டினால் 11க்கு இறங்கிவிடும். இளக்கமான ஆர்ட்டஃபான் 2எம் ரெட் என்றால் கதை தலைகீழ். 14 கிராம் கை அதற்குச் சுமை. அதனால் கார்ட்ரிட்ஜை முதலில் முடிவு செய்துவிட்டுக் கையைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

நம் வீடுகளில் இன்னொரு கேள்வியும் உண்டு. அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ பழைய அலமாரி ஒன்றைத் திறந்தால், 1963ல் வந்த எம்.எஸ்.ஸின் வெங்கடேச சுப்ரபாதம் எல்.பி. இருக்கலாம், அதற்கு அடியில் தாத்தா வாங்கிய 78 வேக அரக்கு ரெக்கார்டுகளும் இருக்கலாம். எல்.பி. ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78க்கு வேண்டியது 65 முதல் 75 மைக்ரான். அழுத்தமும் அதிகம் வேண்டும். சின்ன ஊசி அகலப் பள்ளத்தின் அடியில் கரகரவென்று உருளும். பெரிய ஊசி எல்.பி.யின் பள்ளத்தைக் கெடுத்துவிடும். அந்த அரக்குத் தட்டுகளில் பலவற்றுக்கு மறுபதிப்பே கிடையாது. இரண்டு வகையும் வைத்திருப்பவர்களுக்கு, முனையைக் கழற்றி மாட்டக்கூடிய கைதான் சரி. பெயர்பெற்ற ரீகா கைகள் ஒரே வார்ப்பு. தரம் குறையில்லை, ஆனால் முனையைக் கழற்ற முடியாது.

அப்படிப்பட்ட கைகள்தான் இப்போது அரிதாகிவிட்டன. எஸ்.எம்.இ. 2019 டிசம்பரில், கைகளைத் தனியாக விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. நியாயமான விலையில் நல்ல கைகள் தந்த ஜப்பானின் ஜெல்கோ 2020ல் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், எஸ்.எம்.இ.யை 2016ல் வாங்கியது அஜய் ஷிர்கேயின் கேடன்ஸ் குழுமம். 2018ல் காரர்ட் பெயரையும் அதுவே வாங்கியது. அதன்பின் புதுப்பிக்கப்பட்ட 301 எஸ்.எம்.இ. கையோடு விற்பனைக்கு வந்தது. முதலாளி இந்தியர், ஆனாலும் சிக்பேட்டில் வெறும் தட்டை வாங்கியவருக்குத் தனிக் கை கிடைக்காது.

மிச்சமிருப்பது செகண்ட் ஹேண்ட். அதில் ஏமாற வாய்ப்பு நிறைய. பழைய 3009ல் பின் எடையைத் தாங்கும் ரப்பர் நாள்பட்டு இளகி, வால் தொங்கிவிடும். தலைமுடி போன்ற நான்கு கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் ஒரு பக்கம் ஊமை. வாங்கியபின் பொருத்துவதற்குப் பெங்களூரு வசதியான ஊர். பீன்யாவின் லேத் பட்டறைகளில் அலுமினியப் பலகை கடைந்து தருவார்கள். ஆனால் அளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். தட்டின் நடு முளையிலிருந்து கையின் அச்சு வரை 3009க்குச் சுமார் 215 மில்லிமீட்டர், ரீகாவுக்கு 222. ரீகாவில் 2 மில்லிமீட்டர் பிசகினாலும் காதில் கேட்கும். 3009ன் அடிப்பாகம் முன்னும் பின்னும் நகரும் என்பதால் சின்னப் பிழையை அது மன்னிக்கும்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு சோதனை. பின் எடையை நகர்த்திக் கையை அந்தரத்தில் மிதக்க விட்டு, பக்கவாட்டில் மெல்ல ஊத வேண்டும். எங்கும் தடுக்காமல் நகர்ந்தால் வாங்கலாம். நடுவில் தயங்கி நின்றால் சந்தையில் அடுத்த கடைக்குப் போகலாம்.