எட்டாத அலையும் வராத அழைப்பும்



சென்ற ஆண்டு ஒரு நாட் காலை, எமது பாடசாலையில் ஆறாந் தரத்து மாணவியொருத்தி கடுங்காய்ச்சலால் மயங்கி விழுந்தாள். அவளை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல ஒழுங்கு செய்துகொண்டே, அவளுடைய தந்தையாரின் கைத்தொலைபேசியை அழைத்தோம். தொடர்பு கொள்ள முடியாதென்ற அறிவிப்பே திரும்பத் திரும்பக் கேட்டது. ஒரு மணி நேரத்திற்குள் பதினொரு முறை அழைத்தோம். ஈற்றில் ஆசிரியர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் அவர் கடைக்குச் சென்று அவரை அழைத்து வந்தார். வந்தவர் பதைபதைப்புடன் முதலிற் கூறிய வார்த்தைகள் இவை: "சேர், போன் கையிலதான் இருந்தது. சிக்னலும் நிறைய இருந்தது. வட்ஸ்அப்பும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அவர் கூறியதிற் பொய்யில்லை. அலை இருந்தது, இணையம் இருந்தது, அழைப்பு மட்டும் வரவில்லை. இவை மூன்றும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்? அதனை விளக்கப் புகின், முதலிற் கைத்தொலைபேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே நிகழ்வது யாதென அறிதல் வேண்டும்.

வானொலி கேட்போருக்கு இதனை விளக்குதல் எளிது. வானொலியில் நிலையம் பேசுகின்றது, பெட்டி கேட்கின்றது. பெட்டி மறுமொழி கூறுவதில்லை. கைத்தொலைபேசியோ கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். கோபுரத்தில் உள்ள கருவி இருபது, நாற்பது உவாற்று வலுவுடன் பேசும். 4ஜி முறையில் நமது கைத்தொலைபேசி மறுமொழி கூறும் வலுவோ ஏறக்குறைய 0.2 உவாற்றுக்கு மேற்படாது. மேடையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுபவரின் குரல் வீதியின் மறுமுனைவரை கேட்கும். அம்முனையில் நிற்பவர் வெறுங்குரலிற் கூறும் விடை மேடைக்கு எட்டாது. திரையிற் கோடுகள் இரண்டு மூன்று தெரிய, அழைப்போ சேராமற் போவதற்கு இது ஒரு காரணம். அக்கோடுகள் கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கின்றதென்பதைக் காட்டுவன. நமது குரல் கோபுரத்தை அடைந்ததா என்பதைக் காட்டுவன அல்ல. அலை மெலிந்த இடத்தில் மின்கலம் விரைந்து தீர்ந்து, கருவியுஞ் சூடேறுவதும் இதனாலேயே. எட்டாத இடத்துக்கு எட்டவேண்டுமென்று அது தன் முழுக்குரலில் ஓயாது கூவிக்கொண்டிருக்கின்றது.

கோடுகளை நம்பி ஏமாந்தவர் நம்மவர் மட்டுமல்லர். 2010 ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனம் ஐபோன் 4 என்னும் கருவியை வெளியிட்டது. அதன் ஓரத்தைச் சுற்றியிருந்த உருக்குச் சட்டமே அலைவாங்கியாகவும் அமைந்திருந்தது. கீழ் இடது மூலையை உள்ளங்கை மூடும்படி பிடித்தால், கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. வாங்கியோர் கூக்குரலிட்டனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட கடிதமொன்றில், கோடுகளைக் கணிக்குஞ் சூத்திரமே முற்றிலும் தவறானதென்றும், பல சந்தர்ப்பங்களில் இருக்கவேண்டியதைவிட இரண்டு கோடுகளை மிகுதியாகக் காட்டி வந்ததென்றும் ஒப்புக்கொண்டது. பின்னர் கருவிக்கு உறைகளை இலவசமாகவும் வழங்கியது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். ஒன்று, கையால் அலைவாங்கியை மறைத்தல் உண்மையிலேயே கேடு பயக்கும். மற்றையது, கோடுகளுக்கு உலகப் பொதுவான அளவுகோல் எதுவுமில்லை. ஒரு கருவியின் மூன்று கோடு மற்றொன்றின் இரண்டு கோடாக இருக்கலாம்.

ஆதலால் உண்மையான அளவை அறிய விரும்புவோர் எண்ணைப் பார்த்தல் வேண்டும். அன்ட்ரொயிட் வகைக் கருவிகள் பலவற்றில் 'அமைப்புகள்' என்னும் பகுதியில், தொலைபேசியைப் பற்றிய விவரங்களின் கீழ், சிம் அட்டையின் நிலை காட்டப்படும். அங்கே அலைவலு டி.பி.எம். என்னும் அலகில் ஒரு மறை எண்ணாக இருக்கும். மறை எண்ணாதலின் சிறியதே சிறந்தது. 4ஜி முறையில் மறை 85 எனில் நன்று. மறை 100 எனில் ஒருவாறு சமாளிக்கலாம். மறை 115 எனில் அழைப்பு எந்நேரமும் அறுந்துபோகும். இவ்வலகில் பத்து என்பது பத்து மடங்கைக் குறிக்கும். இருபது என்பது நூறு மடங்கு. மறை 115 காட்டிய அறையிலிருந்து முற்றத்துக்கு வந்து மறை 95 ஆகக் கண்டால், நமக்குக் கிடைக்கும் அலை நூறு மடங்கு பெருகியதென்பது பொருள். பத்து அடி நடந்ததற்கு இது நல்ல கூலியன்றோ!

இனி, அலை மெலிவது ஏன்? மத்திய அலை வானொலியின் அலையொன்றின் நீளம் முந்நூறு மீற்றர் அளவினது. அது குன்றையும் வளைந்து கடக்கும். கைத்தொலைபேசி பயன்படுத்தும் 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளமோ 33 சென்ரிமீற்றர். 1800 மெகாஹேர்ட்ஸ் அலை அதிற் பாதி. இவை ஏறக்குறைய ஒளியைப்போல் நேரே செல்வன. மலை குறுக்கிட்டால் நிழல் விழும். தகரக் கூரையும் கம்பி இட்ட கொங்கிறீற்றுத் தட்டும் அவற்றைத் திருப்பிவிடும். கூரையின் கீழ் வெப்பந் தடுப்பதற்கென இப்போது விரிக்கப்படும் அலுமினியத் தாளும் அத்தகையதே. வீடு குளிர்ந்தது, தொலைபேசி ஊமையாயிற்று என்று முறையிடுவோரை நான் கண்டதுண்டு. அதிர்வெண் குறைந்த அலை சுவரைச் சற்று நன்றாக ஊடுருவும். அதிகமானது விரைவில் தளரும். ஆதலால் வீட்டினுள் ஒரு சேவை கிடைக்க, மற்றொன்று கிடைக்காதிருத்தல் வியப்பன்று.

சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஓரிடத்தில் வலுப்பெற்றும், அரைச்சாண் அப்பால் ஒன்றையொன்று அழித்தும் நிற்கும். மேசையின் இம்மூலையில் அறுந்த அழைப்பு அம்மூலையில் தெளிவாகக் கேட்பதன் மர்மம் இதுவே. டிரான்சிஸ்டர் வானொலியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதை நான் கூறவேண்டியதில்லை.

தடையேதும் இல்லாத கடல்வெளியில் நிலைமை வேறு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தனுஷ்கோடி மணற்கரையில் நிற்போரின் கைத்தொலைபேசி இலங்கைச் சேவையொன்றைப் பற்றிக்கொள்வதுண்டு. 2ஜி முறையில் ஒரு கோபுரம் சாதாரணமாகப் பேசக்கூடிய எல்லை 35 கிலோமீற்றர். கருவிகள் முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டில், அதற்கு அப்பாலிருந்து வரும் மறுமொழி தன் முறைக்குப் பிந்திவிடும் என்பதே அதன் காரணம். அலை வலுவாயினும் பயனில்லை. மலைநாட்டிலோ மூன்று கிலோமீற்றரே பெருந்தூரம். 2021 ஆம் ஆண்டு பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, போஹிட்டியாவ என்னும் கிராமத்து மாணவர், சிறுத்தையும் யானையும் நடமாடும் காட்டினூடே நடந்து, பாறையொன்றின் உச்சியில் அமர்ந்து பாடங்களைப் பெற்றனர். அப்பிள்ளைகளுக்கு எந்த 'அமைப்பை' மாற்றியும் பயனில்லை. அங்கே குறை கருவியினுடையதன்று, கோபுரம் இல்லாமையே.

இப்போது தந்தையாரின் கதைக்கு மீள்வோம். இலங்கையிற் கைத்தொலைபேசிச் சேவை 1989 ஆம் ஆண்டில் தொடங்கியது. 1995 இல் இலக்கமுறையான 2ஜி வந்தது. 2006 இல் 3ஜி. 2013 இல் 4ஜி. இவை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட மாடிகள் போல்வன. கீழ் மாடிகள் இரண்டும் பேச்சுக்கென்று தனிவழி வைத்திருந்தன. 4ஜி அங்ஙனமன்று, அது தரவுக்கென்றே அமைக்கப்பட்டது. அதிற் குரலையும் அனுப்ப 'வோல்டி' எனப்படும் தனி ஏற்பாடு வேண்டும். கருவி, சிம் அட்டை, சேவை நிறுவனம் ஆகிய மூன்றும் அதற்கு இசைந்தாலன்றி அது இயங்காது. இசையாத கருவி, அழைப்பு வரும்போது 4ஜி மாடியிலிருந்து கீழே இறங்கிச் சென்று பேசிவிட்டு மீண்டும் ஏறும். நாம் இதனைக் கவனிப்பதில்லை. கவனிக்க விரும்பின், பேசிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல் ஓரத்தைப் பாருங்கள். 4ஜி என்றிருந்தது 3ஜி என்றோ 2ஜி என்றோ மாறினால், உங்கள் கருவி இறங்கிச் சென்று பேசுவது என்று தெளியலாம்.

அத்தந்தையாரின் மருமகன், இணையம் விரைவாக ஓடவேண்டுமென்று, மறைவாயிருக்கும் பட்டியலொன்றைத் திறந்து '4ஜி மட்டும்' என்று தெரிந்து வைத்துவிட்டான். தீய எண்ணமன்று, மாமனுக்கு உதவியதாகவே அவன் நினைத்தான். ஆனால் அவன் செய்தது படிக்கட்டை அடைத்தமையே. இணையம் மேல் மாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அழைப்பு கீழ் மாடியில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

இதன் மறுதலையும் உண்டு. மின்கலத்தை மிச்சம்பிடிக்க '2ஜி மட்டும்' என்று வைத்தோர், அழைப்பு வந்தும் படம் வரவில்லையே என்று வருந்துவர். '3ஜி' என்று எப்போதோ வைத்துவிட்டு மறந்தோரின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. உலகெங்கும் 3ஜி மூடப்பட்டு வருகின்றது. அவுஸ்திரேலியாவில் 2024 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறுதி 3ஜி வலையமைப்புகளை மூடத் தொடங்கியபோது, அவசர அழைப்பை 4ஜி வழி விடுக்க இயலாத கருவிகளை வலையமைப்பிலிருந்து விலக்கவேண்டியதாயிற்று. இந்தியாவில் 2016 இல் ஜியோ நிறுவனம் கீழ் மாடிகளே இல்லாமல் 4ஜி ஒன்றையே நிறுவிற்று. வோல்டி இல்லாத கருவியில் அதன் அட்டையை இட்டால், சாதாரண முறையிற் பேசவே இயலாது. உறவினர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் வெளிநாட்டுக் கருவிகளை வாங்குமுன் இதனை விசாரித்தறிதல் நன்று.

ஆகவே சேவை குன்றினால், 'மொபைல் நெட்வொர்க்' என்ற பகுதியைத் திறந்து, வலையமைப்பு வகையில் பல தலைமுறைகளும் ஒருங்கே எழுதப்பட்ட, 'தானியங்கி' என்று குறித்த வரியைத் தெரிவு செய்யுங்கள். பெயர் கருவிக்குக் கருவி சிறிது வேறுபடும். 'வோல்டி' என்றோ '4ஜி அழைப்பு' என்றோ ஓர் ஆளி இருப்பின் அதனைத் திறந்து விடுங்கள். சேவை நிறுவனத்தைத் தெரிவு செய்யும் இடமும் தானியங்கியாகவே இருத்தல் வேண்டும். வெளிநாடு சென்று வந்தோர் பலர் அங்கே கையாற் றெரிவு செய்ததை மறந்துவிடுகின்றனர். இரண்டு சிம் அட்டை இடும் பழைய கருவிகள் சிலவற்றில் ஒரு துளைக்கே 4ஜி கிடைக்கும். மற்றையது 2ஜியிலேயே நிற்கும். பல்லாண்டு பழைய சிம் அட்டை 4ஜியை அறியாததாகவும் இருக்கலாம். இலக்கம் மாறாமலே புதிய அட்டை பெறலாம்.

விமானப் பயன்முறையை அரை நிமிடம் இட்டு எடுக்கும்படி பலர் கூறுவது மூடநம்பிக்கையன்று. கருவி ஒரு கோபுரத்தைப் பற்றிக்கொண்டால், அது மெலிந்தாலும் எளிதில் விடாது. விமானப் பயன்முறை அப்பிடியை விடுவித்துப் புதிதாகத் தேடச் செய்கின்றது. வலையமைப்பு அமைப்புகளை மீட்டமைத்தலை இறுதியிற் செய்யுங்கள். படங்களும் இலக்கங்களும் அழியா, ஆயின் வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் அழிந்துபோம். அவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளல் முறை. வீட்டில் இணைய இணைப்பு உள்ளோர், நிறுவனம் அளிக்குமாயின், வைஃபை வழி அழைப்பையும் பயன்படுத்தலாம்.

அலையைப் பெருக்கும் பெட்டி என்று கடைகளில் விற்பதை வாங்கிப் பூட்டவேண்டாம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ், அலை வீசும் கருவிகளுக்கு அனுமதி தேவை. அன்றியும் உமது வீட்டில் அலறும் பெட்டி அயலவர் அனைவரின் அழைப்பையும் குலைக்கும்.

கோடுகள் நிறைந்திருந்தும் ஒன்றும் ஓடாத வேளைகளும் உள. நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று வீதியில் நின்று படம் அனுப்ப முயன்றோர் இதனை அறிவர். கோபுரம் கேட்கின்றது, ஆயின் ஆயிரம் பேர் ஒரே வேளையிற் பேசுகின்றனர். மின்வெட்டும் ஒரு காரணமாகும். 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் தடைப்பட்டபோது, கோபுரங்களின் மின்கலங்கள் அத்தனை நேரம் தாங்கவில்லை. இத்தகைய வேளையிற் கருவியை நோண்டுதல் வீண்.

இவை யாவுஞ் செய்தும் குறை நீங்காவிடின் நிறுவனத்துக்கு முறையிடுங்கள். 'சிக்னல் இல்லை' என்று மட்டும் கூறினால், விமானப் பயன்முறையை இட்டு எடுங்கள் என்ற விடையே வரும். ஊர், வீதி, நேரம், வீட்டினுள்ளா வெளியிலா, 4ஜியா 2ஜியா, டி.பி.எம். எண் எத்தனை, அதே இடத்தில் மற்றொரு கருவிக்கும் இந்நிலைதானா என்பவற்றைக் குறித்து எழுதிக் கொடுங்கள். அயலவர் சிலரும் சேர்ந்து கையொப்பமிடின், தட்டிக்கழித்தல் அவர்களுக்கு அரிதாகும்.

மாணவி மூன்றாம் நாள் வீடு திரும்பினாள். தந்தையாரின் கருவியை மருமகனே மீண்டும் தானியங்கி வரிக்கு மாற்றிக் கொடுத்தான். ஆயினும் கடையின் பின்னறையில், நெல் மூட்டைகளின் நடுவே, மறை 112 தான் காட்டுகின்றது. ஆதலால் பாடசாலைப் பதிவேட்டில், அவருடைய இலக்கத்தின் கீழ், எதிர்க்கடையின் கம்பித் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்துள்ளோம்.