ஆடுகிறவரும் வாத்தியக்காரர்தான்

ஆண்டிறுதி மேடைகளுக்கு இசைக்குழுக்கள் பெயர் கொடுக்கும் கடைசி வாரம் இது. மட்டக்களப்பின் கல்லடியிலிருந்தும் நாவற்குடாவிலிருந்தும் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்தும் இளைஞர்கள் எழுதியிருக்கும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. கைபேசியில் கேட்டுப் பழகிய ஸ்கா பங்க் இசையை, நம் நாட்டுத் துள்ளல் நடன இசையான பைலாவோடு சேர்த்து வாசிக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘இசை வகை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பாரம்பரியம், மேலைத்தேயம் இரண்டில் ஒன்றைத்தான் குறிக்கலாம். இது இறக்குமதிச் சரக்கா, நம்முடையதா? போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் மரபைக் கெடுத்தோம் என்று யாரும் சொல்வார்களா? திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள்.

படிவத்தின் கேள்வியே பிழையானது என்பது என் பதில். காரணம் இந்த இசையின் தாளத்துக்குள் இருப்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்கா எங்கிருந்து வந்தது?

ஜமேக்காவிலிருந்து. 1962இல் அந்தத் தீவு சுதந்திரம் பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில், கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் தெருவோர ஒலிபெருக்கி நடனங்களுக்காகப் பிறந்தது. 1964இல் ஒன்றுசேர்ந்த ஸ்கட்டலைட்ஸ் குழு அதற்கு உருவம் கொடுத்தது. பிழைப்புத் தேடிப் பிரிட்டனுக்குப் போன ஜமேக்கர்கள் அதைக் கூடவே கொண்டுபோனார்கள். 1979இல், கார்த் தொழிற்சாலைகள் சரிந்துகொண்டிருந்த கொவன்ட்ரி நகரில், கறுப்பு இளைஞரும் வெள்ளை இளைஞரும் ஒரே மேடையில் நின்று அந்தத் தாளத்தைப் பங்க் இசையின் வேகத்தோடு கலந்தார்கள். அந்த அலைக்குத் ‘டூ டோன்’ என்று பெயர். 1987இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் தொடங்கிய ‘ஒப்பரேஷன் ஐவி’ குழு வேகத்தை இன்னும் கூட்டியது. கடிதம் எழுதிய பிள்ளைகள் கேட்பது அந்த வழியில் வந்த இசையைத்தான்.

அந்தத் துள்ளல் எப்படி உண்டாகிறது?

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. ஸ்காவில் கிற்றாரும் பியானோவும் அந்த நடு இடத்தில்தான் ஒலிக்கும். தட்டு விழும் கணத்தில் கிற்றார்க்காரர் இடது கைவிரல்களைத் தளர்த்தித் தந்தியை அடைத்துவிடுவார். ஓசை அங்கே அறுந்து நிற்கும். பேஸ் கிற்றார் மட்டும் எண்ணிக்கை தவறாமல் கீழே நடந்துகொண்டிருக்கும்.

ஊஞ்சலைத் தள்ளுகிறவர் அது கீழே பாய்ந்து வரும்போது தள்ளுவதில்லை. மேலே போய்த் திரும்பும் கணத்தில் தள்ளுகிறார். கிற்றாரின் வேலை அதுதான். அது பாரத்தைச் சுமப்பதில்லை, பாரத்தைத் தூக்கிவிடுகிறது. தூக்கிய பாரத்தை இறக்கிவைப்பது யார்? கேட்பவரின் கால். வாத்தியங்களில் பாதி விட்டுக்கொடுத்த அடியை உடம்பு தானாகப் போட்டுக்கொள்கிறது. யாரும் சொல்லித்தராமலே முழங்கால் மடிகிறது, பாதம் நிலத்தில் விழுகிறது.

கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது விளங்காத விஷயமல்ல. அரை இடத்தில் எடுக்கும் கீர்த்தனையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடகர் வாய் திறக்காத அந்த அரை எண்ணிக்கையைச் சபையில் இருப்பவரின் கைதான் போடுகிறது. அந்தக் கை இல்லாவிட்டால் எடுப்பின் அழகு தெரியாது. கச்சேரியில் இது பாட்டின் எடுப்பில் வரும். ஸ்காவில் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் வரும்.

ஸ்கா பங்க் இதற்கு மேல் ஒரு வேலை செய்கிறது. சரணத்தில் கிற்றார் தெளிவாக, நடு இடத்தில் மட்டும் வெட்டி வெட்டிப் போகும். பல்லவி வந்ததும் கிற்றாரின் ஒலி கரகரப்பாக மாறி, விட்ட இடம் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிரப்பிவிடும். அதுவரை காலால் அடி போட்டுக்கொண்டிருந்த கூட்டம் அந்தக் கணத்தில் குதிக்கத் தொடங்கும். முதலில் இடம் விட்டு ஆளை உள்ளே இழுத்து, பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டு முழங்குவதுதான் இந்த இசையின் சூட்சுமம்.

பைலாவில் கணக்கு வேறு, காரியம் ஒன்று. ஆறு சிற்றடிகள் மும்மூன்றாக இரண்டு கட்டுகளாக ஓடும். திஸ்ர நடை தெரிந்தவருக்கு இது பழகிய பாதை. ஆறை இரண்டிரண்டாக மூன்றாகவும் பிரிக்கலாம் என்பதால், மெட்டு அப்படிச் சாயும்போது தோள் ஒரு கணக்கிலும் பாதம் ஒரு கணக்கிலும் போகும். இரண்டையும் ஒன்றாக முடிந்து வைப்பது ஆடுபவரின் இடுப்பு. இங்கும் ஆடுபவர் வந்தால்தான் தாளம் நிறைவடைகிறது.

கல்லடியில் இந்தத் துள்ளல் எவ்வளவு காலமாக இருக்கிறது?

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். 1638இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. பத்தே ஆண்டுகள் அந்தக் கோட்டையை வைத்திருந்தவர்களின் மொழி, கிரியோல் உருவில், தச்சும் இரும்புவேலையும் தையலும் செய்து வாழ்ந்த பறங்கியர் வீடுகளில் இன்றுவரை பேசப்படுகிறது. அந்த மொழியைக் காப்பாற்றியவற்றில் கலியாண வீட்டு ஆட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வயலினும் மேளமும் சேர, சோடி சோடியாக நின்று ஆடும் கபிரிஞ்ஞா அது. காலனியக் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் தாளம் அதில் கலந்திருக்கிறது. புத்தளம் சிரம்பையடியில் அவர்களின் சந்ததியார் ஆடும் மன்ஜாவும் அதன் உறவுதான். ஜமேக்காவின் தாளமும் ஆபிரிக்கர்களைக் கடல் கடத்திக் கொண்டுபோன கப்பல்களிலேயே வந்தது. ஆக, ஸ்காவும் கபிரிஞ்ஞாவும் தூரத்து உறவினர். 1940களில் பொலிஸ்காரரான வாலி பஸ்தியன்ஸ் இந்த ஆட்டத்தை நாடறிந்த பைலாவாக்கினார். 1960களின் இறுதியில் தொடங்கி நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதே துள்ளலைத் தமிழ்ப் பொப்பிசைக்குக் கொண்டுவந்தார்கள்.

கல்லடியின் கடற்கரைப் பக்கமான டச்பார் பறங்கியர் வாழ்ந்த இடம். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை, கடல் அங்கே ஏறியது. பண்டிகைக்குக் கூடியிருந்த குடும்பங்களில் பலர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு மாறினார்கள். ஆடுபவரால் மட்டுமே நிறையும் தாளத்துக்கு இதைவிடப் பெரிய சேதம் இருக்க முடியாது. வயலினைத் திரும்ப வாங்கலாம். பாட்டை ஒருவர் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம். எதிரே நின்று அடி வைத்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவது?

‘பாதுகாக்கப்பட்ட கலை’ என்றால் என்ன?

அரச விழாக்களின் அழைப்பிதழ்களில் இந்தச் சொற்றொடரை அடிக்கடி பார்க்கிறோம். அதன் நடைமுறைப் பொருள் இதுதான்: சில சோடிகள் பழங்கால உடையில் மேடையேறுவார்கள், ஒதுக்கிய சில நிமிடங்கள் ஆடுவார்கள், கீழே நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மேடை இல்லாவிட்டால் பலருக்கு இந்த ஆட்டம் இருப்பதே தெரியாது. ஆனால் நாற்காலியில் ஆளை அமர்த்திய கணத்தில் தாளத்தின் பாதியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டோம். மீதிப் பாதியைப் பாதுகாத்துவிட்டு, முழுவதையும் பாதுகாத்ததாக அறிவிக்கிறோம்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கு ஸ்காவைத் தேசிய இசையாக அனுப்பத் தீர்மானித்த ஜமேக்க அரசு, அதற்கு உருவம் கொடுத்த ஸ்கட்டலைட்ஸை அனுப்பவில்லை. நடுத்தர வர்க்க ஹோட்டல் மேடைகளில் பெயர்பெற்ற பைரன் லீயின் குழுவைப் பின்னணிக்கு அனுப்பியது. சேரியின் நடனம் அதற்கு உருவம் கொடுத்த வாத்தியக்காரர்கள் இல்லாமல் கடல் கடந்தது.

கூத்திலும் நமக்கு இதே பாடம் உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ‘இராவணேசன்’ அந்தக் காலத்துச் சாதனை. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியதற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அதே வேளை, இரவு முழுக்க வட்டக்களரியைச் சுற்றி இருந்து கூத்தோடு கலந்திருந்த ஊர், அந்த மேடையில் இருளில் உட்கார்ந்த பார்வையாளராக மாறியது. 2000களில் சீலாமுனையில் நடந்த கூத்து மீளுருவாக்கம் ஊராரையே மீண்டும் களரிக்கு அழைத்து, அவர்களோடு பேசிப் பேசி மாற்றங்களைச் செய்தது. என் கணக்கில் புத்துயிர் என்பது அதுதான். கலை மாறியது, ஆனால் ஆட்கள் உள்ளே இருந்தார்கள்.

கல்லடிப் பிள்ளைகள் கிற்றாரை முறுக்கிப் பைலாவை வேகப்படுத்துவதை நான் மரபுக்கேடாகப் பார்க்காததற்குக் காரணமும் இதுதான். அவர்கள் வாசிக்கும்போது கூட்டம் ஆடுகிறது. உடையும் வேகமும் மாறினாலும் தாளத்தின் மற்றப் பாதி திரும்பி வருகிறது.

துள்ளல் இசையில் துயரம் பேசலாமா?

பேசியிருக்கிறார்கள். 1981 ஜூலையில், பிரிட்டிஷ் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்த நாட்களில், அங்கே விற்பனையில் முதலிடத்தில் இருந்தது வேலையில்லா நகரத்தைப் பற்றி, டூ டோன் குழுவான த ஸ்பெஷல்ஸ் பாடிய ‘கோஸ்ட் டவுன்’. ஆட்டம் துயரத்தை மறக்கடிக்கிறது என்பது அரைகுறைப் பார்வை. தனியே சுமக்க முடியாததைக் கூட்டமாகச் சுமக்க அது ஆட்களைச் சேர்த்துத் தருகிறது. போரையும் கடலையும் கண்ட ஊருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கபிரிஞ்ஞாவை மாற்றி வாசிக்க அனுமதி வேண்டுமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த அனுமதி கேட்கிறது. அதை வழங்கும் உரிமை ஆடிப் பாடிய சமூகத்திடம் இல்லை. அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரியிடம் இருக்கிறது. கட்டணமும் ‘கலாசார மேம்பாட்டுக்கு’ என்றே போகிறது. சட்டம் எப்படி இருந்தாலும் முதலில் டச்பார்க் குடும்பங்களிடம் கேளுங்கள், மேடையில் அவர்களின் பெயரைச் சொல்லுங்கள்.

பழைய பொப்பிசைப் பாடல்களை?

பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் வாழும் காலமும் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிற்கும். ஆகவே பதிவுசெய்து வெளியிடும் முன் உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பங்க் என்றால் குடியும் கூத்தும்தானே என்று அம்மா கேட்கிறார்.

ஆட்டத்துக்கான மெட்டில் குடியை எதிர்த்த ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ பாட்டை அம்மாவுக்கு நினைவூட்டுங்கள்.

ஸ்காவுக்கு ட்ரம்பெட் வேண்டும், வாசிக்க ஆள் இல்லை.

கிரிக்கெட் மைதானத்தில் ட்ரம்பெட்டும் மேளமுமாகப் பப்பரே வாசிப்பவர்களைக் கேளுங்கள். ஸ்காவுக்கு வேண்டிய மூச்சும் வேகமும் அவர்களிடம் இருக்கிறது.

தமிழர் யாராவது பங்க் இசையைத் தொட்டிருக்கிறார்களா?

மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம். ஐ. ஏ., 2007இல் வெளியிட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டு, பங்க் குழுவான த கிளாஷின் 1982ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் மேல் கட்டப்பட்டது.

ஸ்கா உண்மையிலேயே திரும்ப வருகிறதா?

1990களின் நடுவில் பெரிய இசை நிறுவனங்கள் அதைத் தூக்கி நிறுத்தி, சில ஆண்டுகளில் கைவிட்டன. சிறிய அரங்குகளில் அது நிற்கவே இல்லை. 2021இல் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் ரோசன்ஸ்டொக் தன் பங்க் தொகுப்பு ஒன்றை முழுக்க ஸ்காவாக மாற்றி வெளியிட்டபோது கேட்கப் புதிய தலைமுறை ஒன்று தயாராக இருந்தது.

படிவத்தில் எந்தக் கட்டம்?

கேள்வி பிழைதான், ஆனாலும் ‘பாரம்பரியம்’ என்று குறியுங்கள். கேட்டால் 1628இலிருந்து கணக்குச் சொல்லுங்கள்.

மேடை கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

முன்வரிசை நாற்காலிகளை எடுக்கச் சொல்லுங்கள்.

யாரிடம் பழகுவது?

பறங்கியர் கலியாணங்களில் இன்னும் வயலின் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கிழமையே போய், உரிய சம்பளம் கொடுத்து, அவர்கள் பக்கத்தில் நின்று வாசிக்கப் பழகுங்கள்.